கலெக்டர் பார்க்க வந்த துப்பாக்கி

வாங்க ஐயா, வாங்க. செருப்போடவே வாங்க, ஒண்ணும் ஆகாது. அந்த நாற்காலி வேணாம், அதுல ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க, காலையிலயே துடைச்சு வச்சேன். காப்பி போட்டுட்டேன். சீனி கம்மிதான், பெரிய ஆளுங்க எல்லாம் கம்மியாத்தான் குடிப்பாங்கன்னு கேள்வி. நம்ம தோட்டத்துக் காப்பி, குடிச்சுப் பாருங்க.

நான் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். சைரன் சத்தம் கேக்கும், முன்னால ஒரு ஜீப்பு பின்னால ஒரு ஜீப்பு வரும்னு நினைச்சேன். நீங்க என்னடான்னா ஒத்தையா, நீங்களே வண்டிய ஓட்டிக்கிட்டு, பேன்ட்டெல்லாம் செம்மண்ணோட இறங்குறீங்க. டவாலி போட்ட ஆளுகூட இல்ல. எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. ஒரு கலெக்டருன்னா இப்படில்ல இருக்கணும்.

மதுரையில துப்பாக்கிக் கடை வச்சிருக்காரே தாமோதரன், அவருதான் போன் பண்ணுனாரு. "அம்மா, உங்க துப்பாக்கி போட்டோவப் பார்த்துட்டு ஒரு கலெக்டரு ரொம்ப ஆசைப்படுறாரு. வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்து பார்க்குறேங்குறாரு"ன்னாரு. கலெக்டரா, இந்த மலைக்கான்னு கேட்டேன். "ஆமாம்மா, பெரிய கலெக்டரு. வீட்டுல முப்பது துப்பாக்கி வச்சிருக்காரு"ன்னாரு. கலெக்டரு வீட்டுல முப்பது இருக்காதா பின்ன, பாதுகாப்புக்கு வேணும்ல. போனை வச்சதுக்கப்புறம் எனக்குக் கால் தரையில பாவல. ஊருல ஒரு ஈ காக்காய்க்குச் சொல்லல நான். தலையாரிக்குத் தெரிஞ்சா வி.ஏ.ஓ.வுக்குத் தெரியும், வி.ஏ.ஓ.வுக்குத் தெரிஞ்சா ஊரே மனுவோட வந்து வாசல்ல நிக்கும். ஒருத்தன் ரோடு கேப்பான், ஒருத்தன் பட்டா கேப்பான். என் மனு அடியில போயிரும்.

சொல்றேன், சொல்றேன். மனு அப்புறம். முதல்ல நீங்க ஆசைப்பட்டதப் பாருங்க. இந்தாங்க, பிடிங்க. கனமா இருக்கா? இது என் வீட்டுக்காரரு வீரணனோடது. அவரோட பாட்டனுக்கு அப்பன் காலத்துல இந்த மலைக்கு ரோடு போட்டப்ப, காவலுக்கு இருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்துல இருந்து கைமாறி வந்ததாம். பூட்டுக்குப் பக்கத்துல கிரீடம் குத்தியிருக்கு பாருங்க. கட்டையில பட்டாளத்து நம்பர் இருக்கும், அந்தப் பித்தளைக்குப் பக்கத்துல. கத்தி மாட்டுற கொக்கிகூட அப்படியே இருக்கு. லைசென்சு இப்ப என் பேருலதான் இருக்கு, வாரிசுன்னு மாத்திக் குடுத்தாங்க. எலக்சன் வந்தா ஸ்டேசன்ல கொண்டு போய் ஒப்படைக்குறேன், முடிஞ்சா தூக்கிட்டு வாரேன். போலீஸ்காரங்க கேலி பண்ணுவாங்க, "என்ன செவந்தியக்கா, யார் மேல படையெடுக்கப் போறீங்க"ன்னு.

கம்பிய உருவிக் குழாய்க்குள்ள விட்டுப் பார்க்குறீங்களா? பாருங்க, பாருங்க. விவரம் தெரிஞ்ச ஆளுதான் நீங்க.

ஏன் ஐயா எந்திரிச்சுட்டீங்க? ஆமா, கம்பி நாலு விரல் வெளிய நிக்குதுதான். உள்ள மருந்து இருக்கு. கேப்பு மாட்டல ஐயா, கேப்பு இல்லாம அது வெடிக்காது, உட்காருங்க. கடைக்காரரோட ஆளு வந்து போட்டோ மட்டும்தான் எடுத்தான், கம்பிய விட்டுப் பார்க்கத் தெரியல அவனுக்கு. ஸ்டேசன்லயும் யாரு பார்க்குறா, நம்பரப் பார்த்து மூலையில சாத்துறாங்க. அது பதினோரு வருசமா அப்படியேதான் இருக்கு. அவரு போன அன்னைக்குக் கெட்டிச்சது. அத எடுக்க எனக்குக் கை வரல.

எங்க பக்கம் வெடிமருந்துன்னு நீட்டிச் சொல்ல மாட்டோம் ஐயா. மருந்துதான். மருந்தப் போடு, தேங்காநாரு வை, கம்பியால கெட்டி. காய்ச்சலுக்குக் குடுக்குறதும் மருந்து. காப்பிச் செடிக்கு அடிக்குறதும் மருந்து. எல்லாத்துக்கும் ஒரே பேரு. என் மனுவே அந்தப் பேருலதான் நிக்குது. அதனால கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

அன்னைக்குக் காலையில வீட்டுல ஒரு சண்டை. எங்களுக்கு ஒரே பொண்ணு, சுகந்தி. பிளஸ் டூ முடிச்சிருந்தா. நர்சுக்குப் படிக்கணும்னு ஒத்தைக்கால்ல நின்னா. அந்த வருசம் ஒரு எஸ்டேட்டு முதலாளி இந்தத் துப்பாக்கியக் கேட்டு ஆள் விட்டிருந்தாரு. இத வித்து என்னப் படிக்க வைப்பான்னு இவ கேட்டா. அவரு மாட்டேன்னுட்டாரு. பரம்பரைச் சொத்து, குடுக்க முடியாதுன்னுட்டாரு. நல்ல மனுசன் ஐயா அவரு, ஒரு எறும்பை மிதிக்க யோசிப்பாரு, ஆனா பிடிவாதம்னா அப்படி ஒரு பிடிவாதம். இவளும் அவரு பெத்த பொண்ணுதானே. "அப்ப அந்தத் துப்பாக்கியவே கட்டிக்கிட்டுச் சாவு"ன்னு சொல்லிட்டு, பையத் தூக்கிக்கிட்டுக் கீழ வத்தலக்குண்டுல எங்க அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறிட்டா. பத்தொம்போது வயசு. அந்த வயசுல எல்லாப் பிள்ளைகளும் பேசுறதுதான்.

அவ போனப்புறம் அவரு துப்பாக்கிய எடுத்துக்கிட்டுக் கொல்லையில உட்கார்ந்தாரு. வாழைக்குள்ள பன்னி இறங்கி அழிச்சுக்கிட்டு இருந்துச்சு, சத்தம் குடுக்கணும்னாரு. மருந்து போட்டாரு, நாரு வச்சாரு, கெட்டிச்சாரு. நாலாவது குத்துக்குக் கம்பிய விட்டுட்டு நெஞ்சப் பிடிச்சாரு. அப்படியே சரிஞ்சுட்டாரு. வேர்வைன்னா வேர்வை, சட்டை பிழியலாம் போல.

ஜீப்பு பிடிச்சு அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். தனியார் ஆஸ்பத்திரி, சின்னது. அவரு கையெல்லாம் மருந்துக் கரி. சட்டையில கந்தக வாடை. அந்த நர்சம்மா குனிஞ்சு மோந்து பார்த்துட்டு, "மருந்து வாடை அடிக்குதே, மருந்தா?"ன்னு கேட்டுச்சு. நான் ஆமான்னேன். மருந்துதானே அது? நான் சொன்னது இந்த மருந்து. அந்தம்மா எடுத்துக்கிட்டது செடிக்கு அடிக்குற மருந்து. இங்க தோட்டக்காரன் எவனாவது மயங்கிக் கிடந்தா முதல்ல அதத்தான் நினைப்பாங்க, வாரத்துக்கு ஒருத்தன் குடிச்சுட்டு வர்ற ஊரு இது. உடனே மூக்குல குழாயச் சொருகி, வயித்தக் கழுவ ஆரம்பிச்சுட்டாங்க. நெஞ்சு வெடிச்சுக்கிட்டு இருக்குற மனுசனுக்கு வயித்தக் கழுவுனா என்னாகும்? முக்கா மணி நேரம்தான். முடிஞ்சு போச்சு.

அறுக்க வேணாம்னு நான் எல்லாரு கால்லயும் விழுந்தேன். ஊருக்காரங்களும் பேசுனாங்க. கேசு இல்லாமக் குடுத்துட்டாங்க. ஆனா சீட்டுல எழுதிட்டாங்க ஐயா. இந்தாங்க, இதுதான் அந்தச் சீட்டு. மடிப்பு கிழிஞ்சு போச்சு, பார்த்துப் பிரிங்க. எனக்கு இங்கிலீசு தெரியாது. சுகந்திதான் வாசிச்சா. சாவு வீட்டுல, இதோ இந்த இடத்துல நின்னுதான் வாசிச்சா. "அப்பா மருந்து குடிச்சாராம்மா?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டா. அப்புறம் கேக்கல. இன்னைய வரைக்கும் கேக்கல.

அவ நர்சுக்குப் படிக்கல. எங்க அண்ணன் பணம் கட்டுறேன்னு சொல்லியும் மாட்டேன்னுட்டா. "எங்கப்பா உசிரக் குடுத்து வாங்குற படிப்பு எனக்கு வேணாம் மாமா"ன்னுட்டாளாம். திருப்பூருல பனியன் கம்பெனியில கை மடிக்குற வேலை பார்க்குறா. மாப்பிள்ளை பார்த்தா வேணாங்குறா. வருசத்துக்கு ஒரு நாள், அவரு திதிக்கு வருவா. இந்த ரூம் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டா. சாமி கும்பிடுறப்ப அவ உதடு அசையும், நான் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன். மன்னிச்சுக்கப்பான்னு சொல்லுவா. அத மட்டும்தான் சொல்லுவா.

அதுக்காகத்தான் ஐயா நான் மனு குடுக்குறது. திங்கக்கிழமை மனு நாளுக்கு ராத்திரியே சோத்தக் கட்டி வச்சிட்டு, முத பஸ்ஸப் பிடிச்சுப் போவேன். உங்களுக்கு முன்னால இருந்த கலெக்டரம்மாவத் தூரத்துல இருந்து பார்த்தேன், சின்னப் பிள்ளை. மனுவ வாங்கி ஒரு நம்பர் போட்டுத் தருவாங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் பதில் வரும். சம்பந்தப்பட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சிருக்கோம்னு. அவங்க எழுதுனதுதான் சரின்னு அவங்க எழுதுவாங்க. வேற என்ன எழுதுவாங்க? நான் வேற எதுவும் கேக்கல ஐயா. நிவாரணம் வேணாம், யாரையும் தண்டிக்க வேணாம். அந்த ஒரு வரிய மாத்தணும். அவரு மருந்து குடிக்கல, நெஞ்சு வலியில போனாருன்னு ஒரு காகிதம் வேணும், சீலு போட்டு. அத எம்பொண்ணு கையில குடுக்கணும்.

துப்பாக்கிய நீங்க சும்மாவே எடுத்துக்கங்க. உங்களுக்குக் குடுக்குறதுக்குத்தான் இதுநாள் வரை இருந்துச்சுபோல.

என்ன ஐயா, ஏன் தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க? சொல்லுங்க.

என்ன சொல்றீங்க?

நீங்க கலெக்டரு... இல்லயா? கலெக்டருதான், ஆனா அந்தக் கலெக்டரு இல்ல. பழைய துப்பாக்கியெல்லாம் தேடித் தேடிச் சேர்க்குறவரு. அப்படிச் சேர்க்குறவருக்கும் இங்கிலீசுல கலெக்டருன்னுதான் பேரா. கோயமுத்தூருல மில்லுக்கு உதிரிச் சாமான் செய்யுற பட்டறை வச்சிருக்கீங்க. ஓ.

தாமோதரன் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருக்கலாம். அவரு மேல என்ன தப்பு, நானா நினைச்சுக்கிட்டேன். நீங்க நடுவுல ரெண்டு மூணு தடவை வாயத் தொறந்தீங்க, நான்தான் விடல. மன்னிப்பெல்லாம் எதுக்குத் தம்பி கேக்குறீங்க. தம்பின்னு கூப்பிடலாம்ல? எங்க கடைசித் தம்பி வயசுதான் இருக்கும் உங்களுக்கு. காப்பி ஆறிப் போச்சு, வேற போடுறேன் இருங்க.

இல்ல, இல்ல. உட்காருறேன். கொஞ்சம் தண்ணி குடிச்சாச் சரியாயிரும்.

சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சீங்களா? எனக்கும் தெரியும் தம்பி. இங்கிலீசு தெரியாதுன்னு சொன்னேன்ல, ஆனா மனு எழுதிக் குடுக்குறவரு வாசிச்சுச் சொல்லிட்டாரு. பூச்சி மருந்து குடிச்சதா மனைவி சொன்னதன் பேருலன்னு இருக்கு. மனைவி சொன்னதன் பேருல. நீங்க அந்த வரியில வந்து நின்னீங்க, நான் பார்த்தேன். கலெக்டரு கேட்டா என்ன சொல்றதுன்னு ரெண்டு நாளா யோசிச்சு வச்சிருந்தேன். நான் வாயத் தொறந்து அப்படிச் சொல்லவே இல்லன்னு சொல்லணும்னு இருந்தேன். அது பொய்யும் இல்ல.

நீங்க ஆபீசரு இல்லேல்ல? எழுதி எங்கயும் அனுப்ப மாட்டீங்கள்ல? அப்பச் சொல்றேன்.

அந்த நர்சம்மா ரெண்டு தடவை கேட்டுச்சு. மருந்தான்னு கேட்டுச்சு, ஆமான்னேன். அது வரைக்கும் நான் உங்கட்டச் சொன்னது நெசம். அப்புறம் நேரா என் மூஞ்சியப் பார்த்து, "எந்த மருந்தும்மா, செடிக்கு அடிக்குறதா? சொல்லு, நேரமாகுது"ன்னுச்சு. அப்ப எனக்குப் புரிஞ்சு போச்சு தம்பி. தப்பா நினைக்குறாங்கன்னு நல்லாப் புரிஞ்சுச்சு. இல்லம்மா, துப்பாக்கி மருந்துன்னு சொல்லணும். மூணு வார்த்தை. சொல்ல வாய் வரல.

அப்ப லைசென்சு முடிஞ்சு மூணு மாசம் ஆயிருந்துச்சு, அபராதம் கட்டி எம்பேருக்கு மாத்துனதெல்லாம் அப்புறம்தான். அடுத்த வாரம் அடுத்த வாரம்னு அவரு தள்ளிக்கிட்டே வந்தாரு. அந்த மாசம்தான் பக்கத்து ஊருல ஒருத்தர, லைசென்சு இல்லாமத் துப்பாக்கி வச்சிருந்தாருன்னு பிடிச்சு உள்ள வச்சிருந்தாங்க. அவரு கீழ சரிஞ்சப்ப எங்கிட்டச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். துப்பாக்கிய உள்ள வையி. அவ்வளவுதான் சொன்னாரு. நான் ஜீப்புக்கு ஆள் விடுறதுக்கு முன்னால இத எடுத்துக் காப்பி மூட்டைக்கு அடியில வச்சேன். முதல்ல இத வச்சேன் தம்பி, அப்புறம்தான் ஆளக் கூப்பிட்டேன்.

தலையாட்டுனேன். அந்தம்மா செடிக்கு அடிக்குறதான்னு கேட்டதுக்கு நான் தலையாட்டுனேன். வாயத் தொறக்கல, தலைய மட்டும் ஆட்டுனேன். வயித்தக் கழுவிட்டா என்ன ஆயிரப் போகுது, எந்திரிச்சு உட்கார்ந்தப்புறம் அவரே சிரிச்சுக்கிட்டுச் சொல்லிக்குவாருன்னு நினைச்சேன். நெஞ்சு வலியில மனுசன் செத்துப் போவான்னு எனக்குத் தெரியாது. நெசமாத் தெரியாது. வாயுன்னு நினைச்சேன்.

அவருக்கு நினைவு இருந்துச்சு. குழாயோட இப்படி இப்படித் தலைய ஆட்டுனாரு, இல்ல இல்லன்னு. நெஞ்சத் தொட்டுக் காமிச்சாரு. முரண்டு பிடிக்குறாருன்னு ரெண்டு பேரு கையப் பிடிச்சு அமுக்கிட்டாங்க. மருந்து குடிச்சவன் எல்லாம் அப்படித்தான் பண்ணுவான்னாங்க. அவரு என்னைப் பார்த்தாரு தம்பி. நீ சொல்லுன்னு பார்த்தாரு. நான் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

இதுதான் நெசம்.

சுகந்தி கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம். அப்பா மருந்து குடிச்சாராம்மான்னு கேட்டப்ப. ஊருக்காரங்க நிக்குறாங்க, துப்பாக்கி மூட்டைக்கடியில கிடக்கு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நாளைக்கு நாளைக்குன்னு பதினோரு வருசம். அவ தன்னாலதான் அப்பன் செத்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. நான் அத பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். எந்தத் தாயாவது இப்படிச் செய்வாளா?

அவளுக்கு ஏன் சொல்லலன்னு கேக்குறீங்க. அதுக்குத்தான் தம்பி கலெக்டரு வேணும்னேன். கலெக்டரு சொன்னா ஆஸ்பத்திரி தப்பாப் போயிரும். நான் சொன்னா நான் தப்பாப் போயிருவேன். அவளுக்கு அப்பனும் இல்லாம, அம்மாவும் இல்லாமப் போயிரும்.

ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்காதீங்க. நீங்க படிச்சவரு. ஒரு நல்ல காகிதத்துல, இவரு மருந்து குடிக்கலன்னு இங்கிலீசுல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்களேன். கீழ கலெக்டருன்னு போடுங்க. பொய் இல்லேல்ல? உங்களையும் அப்படித்தானே சொல்றாங்க. அவ எந்தக் கலெக்டருன்னு கேக்க மாட்டா.

சரி. சரி தம்பி. மாட்டீங்கன்னு தெரியும். கேட்டுப் பார்த்தேன்.

இப்பவே அவகிட்டச் சொல்லச் சொல்றீங்களா? இப்ப வேணாம், கம்பெனியில இருப்பா. மதியச் சாப்பாட்டு நேரம்தானா? மணி ஒண்ணாயிருச்சா? நான் என்னன்னு தம்பி ஆரம்பிப்பேன். நீங்க பேசுறீங்களா? நீங்க பேசுனா யாரோ எவரோன்னு பயந்துருவா. எங்கிட்ட இருக்குறது இந்தப் பட்டன் போன்தான். நீங்களே அழுத்துங்க. ரெண்டாம் நம்பர நீள அமுக்குனா அவளுக்குப் போகும், எங்க அண்ணன் மகன் அப்படி வச்சுக் குடுத்தான். போகுதா? குடுங்க.

சுகந்தி. அம்மாடி. இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். ஏய், நீ பேசாத, நான் பேசுறேன். நீ பேசுனா நான் சொல்ல மாட்டேன். உங்கப்பா மருந்து குடிக்கலடி. குடிக்கவே இல்ல. துப்பாக்கிக்கு மருந்து கெட்டிச்சுக்கிட்டு இருந்தாரு, நெஞ்சு வலி வந்துச்சு. நீ சொன்னதெல்லாம் அவரு மனசுலயே வச்சுக்கல. பன்னி விரட்டப் போனவருடி அவரு, சாகப் போறவன் பன்னி விரட்டுவானா? ஆஸ்பத்திரியில செடி மருந்தான்னு கேட்டாங்க. நான் தலையாட்டுனேன். துப்பாக்கியப் பிடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு தலையாட்டுனேன். உன்னால இல்ல. என்னால. கேக்குதா? என்னாலதாண்டி.

சுகந்தி?

தம்பி, சத்தமே வரல. லைன் கட்டாயிருச்சா பாருங்க, எனக்குக் கண்ணு தெரியல. இல்லயா? செகண்டு ஓடிக்கிட்டு இருக்கா? ஓடுதா?

அப்ப அவ இருக்கா. வைக்கல அவ. நீங்க சத்தம் போடாதீங்க, அப்படியே பிடிச்சுக்கிட்டு இருக்கேன்.